பாரோமீட்டரில் இருப்பது நம்ம ஊர் பாரமா?

#1 கயல்

வணக்கம். வேலையில் மாட்டிக்கொண்ட ஒரு சொல்லை இங்கே இறக்கி வைக்கிறேன்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் நான். போன வாரம் ஒரு பொருளாதாரக் கட்டுரை வந்தது. டிராக்டர் விற்பனைதான் கிராமப் பொருளாதாரத்தின் பாரோமீட்டர் என்று அதில் ஒரு வரி. ராத்திரி 11 மணி, காலை 9-க்குள் அனுப்பியாக வேண்டும். யோசிக்காமல் "டிராக்டர் விற்பனையே கிராமப் பொருளாதாரத்தின் காற்றழுத்தமானி" என்று தட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒற்றைக் கேள்விக்குறி போட்டுத் திருப்பியிருந்தார்கள். திரும்பப் படித்தால் டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கிற மாதிரிதான் இருந்தது.

பக்கத்து இருக்கைக்காரர், "பாரோமீட்டர்னா பாரம் பார்க்கிற மீட்டர். பாரம் நம்ம சொல், வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் சந்தேகம் வந்தது.

அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன? யார் வைத்த பெயர்? நம் பாரத்துக்கும் அதற்கும் சொந்தம் உண்டா? அந்த வரியை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

#2 சும்மா_வந்தவன்

பாரில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று காட்டும் மீட்டர். அடுத்த கேள்வி?

#3 அகராதிப்பூச்சி

கயல், சந்தேகப்பட்டது சரிதான். பாரோமீட்டரில் இருப்பது கிரேக்க மொழியின் 'பாரோஸ்'. எடை, கனம் என்று பொருள். பின்பாதி 'மெத்ரோன்', அதாவது அளவு. கனமளப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதன் கனம் என்று சொல்லுக்குள் இல்லை. காற்றின் கனம்தான் என்று கேட்பவரே புரிந்துகொள்ள வேண்டியது.

கிரேக்கச் சொற்கள் என்றாலும் பெயர் வைத்தவர்கள் கிரேக்கர்கள் இல்லை. பிளேட்டோவிடம் போய் 'பாரோமீட்டர்' என்றால் முழித்திருப்பார். 1660-களில் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் எழுத்தில்தான் இது தலைகாட்டுகிறது. பள்ளியில் 'பாயில் விதி' படித்தோமே, அதே பாயில். புதுக் கருவி வந்தால் கிரேக்கத் துணியில் சட்டை தைத்துப் போடுவது அந்தக் காலத்து வழக்கம். 'தெர்மோமீட்டர்' 1620-களிலேயே பிரெஞ்சில் வந்துவிட்டது. அதே அளவில் தைத்ததுதான் இதுவும். பாயில் 'பாரோஸ்கோப்' என்றும் எழுதினார், கனத்தைப் பார்க்க உதவுவது என்ற பொருளில். இரண்டும் கொஞ்ச காலம் கூடவே ஓடின. மீட்டர் நின்றது, ஸ்கோப் போய்விட்டது.

டாரிசெல்லிதான் பெயர் வைத்தார் என்று நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். அவர் கருவியைத்தான் தந்தார். 1647-ல், 39 வயதில் இறந்துவிட்டார். அவர் இருந்தவரை இந்தப் பெயர் அவர் காதில் விழுந்ததே இல்லை. 'டாரிசெல்லி குழாய்', 'பாதரசச் சோதனை' என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஏறக்குறைய 20 வருடம் பெயர் வைக்காமலே வளர்ந்த பிள்ளை.

#4 சேது_வாத்தியார்

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். ஒவ்வொரு வருடமும் ஒரு பையனாவது எழுந்து கேட்பான்: "சார், இது அளப்பது அழுத்தம். பெயரில் ஏன் எடை?"

நல்ல கேள்வி. அந்தப் பெயரில் 'எடை' உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், அன்றைக்குச் செய்தியே அதுதான்: காற்றுக்கு எடை இருக்கிறது!

கதை கிணற்றடியில் தொடங்குகிறது. உறிஞ்சு பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது. பம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏறாது. கலிலியோ 1638-ல் வெளிவந்த தன் நூலில் இதைப் பற்றி எழுதினார். கயிறு தன் எடை தாங்காமல் அறுந்துபோவது மாதிரி, நீர்த்தூணும் தன் எடையாலேயே அறுந்துபோகிறது என்று நினைத்தார். அது தப்பு.

அவருடைய கடைசி மாதங்களில் கூட இருந்து உதவியவர் டாரிசெல்லி. அவர் தலைகீழாக யோசித்தார். தண்ணீரை மேலிருந்து யாரும் இழுக்கவில்லை, வெளியிலிருக்கும் காற்று தன் கனத்தால் கீழிருந்து தள்ளி ஏற்றுகிறது என்றார். அப்படியானால் தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியான பாதரசம், அதில் 13.6-ல் ஒரு பங்கு உயரம்தானே ஏற வேண்டும்? 1643-ல் ஃபுளோரன்ஸில் விவியானி என்ற இளைஞர் அதைச் செய்து காட்டினார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாய், நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதரசத்தை நிரப்பி, விரலால் வாயை அடைத்து, பாதரசத் தொட்டியில் கவிழ்த்து, விரலை எடுத்தார். சரசரவென்று இறங்கிய பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. மேலே காலியிடம்.

மறுவருடம் ஜூன் 11-ல் ரோமில் இருந்த நண்பர் ரிச்சிக்கு டாரிசெல்லி எழுதிய கடிதத்தில், காற்று என்னும் பெருங்கடலின் அடியில் நாம் மூழ்கி வாழ்கிறோம் என்று எழுதுகிறார். எத்தனை தடவை வகுப்பில் சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இந்தப் 10 மீட்டர் கணக்கு நம்மூரிலும் கண்ணெதிரே இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெரிய கிணறுகளை எட்டிப் பாருங்கள். பாதி ஆழத்தில் மேடை கட்டி மோட்டாரை வைத்திருப்பார்கள். மேலிருந்து உறிஞ்ச முடியாது, கீழிருந்து தள்ளலாம். அந்த மேடைதான் டாரிசெல்லி கணக்கு.

#5 சும்மா_வந்தவன்

சார், அப்போ சாயங்காலம் காற்று வாங்கப் போகிறவர்கள் கிலோ கணக்கில் வாங்கி வரலாமா?

#6 சேது_வாத்தியார்

தாராளமாக வாங்கலாம். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோவுக்குச் சற்று முன்பின் இருக்கும். 10 அடிக்குப் 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே 34 கிலோ காற்று நிற்கிறது. நீங்கள் 'காலி அறை வாடகைக்கு' என்று போர்டு வைக்கிறீர்கள்.

#7 துறைமுகத்தான்

நான் தூத்துக்குடி. கப்பலில் 22 வருடம். அதில் 4 வருடம் கிரேக்க அதிகாரிகளோடு.

அகராதிப்பூச்சி சொன்ன 'பாரோஸ்' இன்றைக்கும் உயிரோடு இருக்கிற சொல். ஆனால் வாயில் வருவது 'வாரோஸ்'. பழைய 'ப' இப்போது 'வ' ஆகிவிட்டது. சரக்கு எடை பேசும்போது தலைமை அதிகாரி நாள் முழுக்க "வாரோஸ், வாரோஸ்" என்பார். கருவிக்கு 'வரோமெத்ரோ'. சாப்பாட்டு மேசையில் 'நெரோ' என்றால் தண்ணீர். பின்னால்தான் தெரிந்தது, 'அனராய்டு' பாரோமீட்டர் என்கிறோமே, அதிலும் இந்த நெரோதான் இருக்கிறது. ஈரமில்லாதது என்று அர்த்தம். பாதரசமோ வேறு திரவமோ கிடையாது. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு தகர டப்பி, அதோடு ஒரு முள். வெளிக்காற்று அமுக்கினால் டப்பி சப்பும், முள் நகரும். 1844-ல் பிரான்சில் விடி என்பவர் செய்தது. கப்பலில் பாதரசக் குழாய் ஆடிக்கொண்டே இருக்கும், வாசிப்பது பெரிய பாடு. டப்பி வந்ததும் மாலுமி பிழைத்தான்.

ஆங்கில மாலுமிகள் பாரோமீட்டர் என்று முழுசாகச் சொல்லவே மாட்டார்கள். "கண்ணாடி இறங்குகிறது" என்பார்கள். அவ்வளவுதான், எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

#8 தனித்தமிழ்_வேல்

எல்லாம் சரி, ஆனால் பாரத்தை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பரு, பருமை, பருத்தல், பாரித்தல் என்று தமிழில் ஒரு குடும்பமே இருக்கிறது. பருத்தது கனக்கும். கனப்பது பாரம். கிரேக்கர்கள் நம் கடற்கரைக்கு வந்து மிளகு வாங்கினார்கள். 'யவனர்' என்று சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. எடைபோட்டு விற்கும் இடத்தில் எடைச் சொல் கைமாறியிருக்காதா?

#9 அகராதிப்பூச்சி

வேல் ஐயா, யவனர் வந்ததும் மிளகு வாங்கியதும் உண்மை. ஆனால் 'பாரோஸ்' அவர்கள் மிளகு வாங்க வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிரேக்கத்தில் புழங்கிய சொல். அதன் அண்ணன் 'பாரூஸ்' (கனமான) ஹோமர் பாட்டிலேயே இருக்கிறது.

பாரம் தமிழா வடமொழியா என்பது தனிச் சண்டை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அதை வடமொழி 'பார'த்திலிருந்து வந்ததாகத்தான் குறிக்கிறது. உங்கள் 'பரு' குடும்பத்தில் சேர்த்தாலும் சரி, வடமொழியில் சேர்த்தாலும் சரி, பாரோஸோடு முடிச்சுப் போட முடியாது. வடமொழி வழியில் போனால் ஏன் முடியாது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடமொழியும் கிரேக்கமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே மூலச் சொல் இரண்டு வீட்டிலும் இரண்டு உடை போட்டுக்கொண்டு நடக்கும். எந்த உடை என்பதற்கு ஒழுங்கு உண்டு. வடமொழியில் மூச்சு விட்டுச் சொல்லும் 'ப' (பாரதம், பக்தி இவற்றின் முதலெழுத்து) வந்தால், கிரேக்கத்தில் அந்த இடத்தில் 'ஃப' வரும். வடமொழியில் 'ப்ராதா' (சகோதரன்), கிரேக்கத்தில் 'ஃப்ராதேர்'. அதே கணக்கில் பாரத்தின் வேரான 'தாங்கு, சும' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'ஃபெரோ'. நம் பாரத்தின் நிஜமான கிரேக்கப் பங்காளி அதுதான். பாஸ்பரஸ் இருக்கிறதே, 'ஃபோஸ்' என்றால் ஒளி, பின்பாதி சுமப்பது. ஒளிசுமப்பான். பாரத்தின் ரத்த உறவு தீப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது, பாரோமீட்டரில் இல்லை.

சரி, பாரோஸின் சொந்தக்காரர் யார்? இங்கே இன்னொரு ஒழுங்கு. கிரேக்கத்தில் 'ப' வரும் சில இடங்களில் வடமொழியில் 'க' வரும். கிரேக்கத்தில் மாடு 'பூஸ்', வடமொழியில் 'கோ'. நம் கோசாலை, கோமாதா எல்லாம் அந்தக் கோ. அதே மாற்றத்தைப் 'பாரூஸ்' மீது வைத்துப் பாருங்கள். வடமொழியில் என்ன கிடைக்கும்?

'குரு'.

வாத்தியார் என்று நாம் நினைக்கும் குருவுக்கு முதல் பொருள் கனமானது. செய்யுளில் லகு, குரு என்று அசை பிரிப்பார்களே, லகு லேசு, குரு கனம். கனமான ஆளுக்குக் குரு என்று பெயர் வந்தது அப்புறம். அந்தக் குருவிலிருந்து பிறந்ததுதான் 'கௌரவம்'. ஆக, பாரோமீட்டரின் உடன்பிறப்பு நம் கல்யாணப் பத்திரிகையிலும் சாதிச் சண்டையிலும் தினமும் அடிபடுகிற கௌரவம்.

#10 சும்மா_வந்தவன்

அப்போ எங்கள் பெரியப்பா ஒரு நடமாடும் பாரோமீட்டர். விசேஷ வீட்டில் நுழைந்த உடனே அழுத்தம் ஏறும்.

#11 சேது_வாத்தியார்

கனத்துக்கு வாத்தியார்தான் சொந்தக்காரர் என்று இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் வகுப்பில் பயன்படுத்தியிருப்பேன்.

#12 தனித்தமிழ்_வேல்

கோ - பூஸ் ஒழுங்கு பிடித்திருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். பாரத்தைப் பற்றித் தனி இழை திறப்பேன், அங்கே வாருங்கள்.

#13 வடமராட்சியான்

இலங்கையிலிருந்து வணக்கம். நான் விஞ்ஞான ஆசிரியர். எல்லோரும் 'காற்றழுத்தமானி' என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் 'பாரமானி'.

சிறு வயதில் படித்தபோது பாரோ என்பதைத்தான் பாரம் ஆக்கினார்கள் என்று நாங்களே சிரித்துக்கொள்வோம். ஒலியும் கிட்ட, பொருளும் கிட்ட. மொழிபெயர்ப்பா ஒலிபெயர்ப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாதரசம் உள்ளது 'இரசப் பாரமானி'. துறைமுகத்தார் சொன்ன தகர டப்பி 'திரவமில் பாரமானி'. ஈரமில்லாதது என்ற கிரேக்கப் பொருளுக்கு இதைவிட நேரான சொல் வேண்டுமா?

சேது சேருக்கு ஒரு விடயம். உங்கள் ஊரில் எடை என்பதை நாங்கள் நிறை என்போம். உங்கள் ஊரில் நிறை என்பது எங்களுக்குத் திணிவு. உங்கள் அழுத்தம் எங்கள் அமுக்கம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பரீட்சை எழுதினால் திருத்துபவர் பாவம்.

#14 சும்மா_வந்தவன்

இரசப் பாரமானி என்றதும் எனக்கு மிளகு ரசமும் ஒரு டம்ளரும்தான் கண்ணில் வந்தன. மன்னிக்கவும்.

#15 அகராதிப்பூச்சி

வடமராட்சியான், அருமையான சொல்லைக் கொண்டு வந்தீர்கள். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

பாரமானியை இரண்டாக வெட்டுங்கள். 'பாரம்' பாரோஸ் மாதிரியே ஒலிக்கிறது, பொருளும் அதுவே, ஆனால் மேலே சொன்னபடி சொந்தம் இல்லை. 'மானி' மீட்டர் மாதிரி ஒலிக்கவே இல்லை. ஆனால் அதுதான் நிஜச் சொந்தம்! மானி, மானம் (அளவு) எல்லாம் வடமொழியில் 'மா' என்ற அளத்தல் வேரிலிருந்து வந்தவை. கிரேக்க 'மெத்ரோன்' பிறந்ததும் அந்த வேரில்தான் என்பது பெரும்பாலான சொற்பிறப்பியலாளர் கருத்து. நம் மாத்திரையும் அதே வீடு: இலக்கணத்தில் எழுத்தின் கால அளவு, மருந்துக் கடையில் அளந்து கொடுத்த மருந்து.

முகஜாடை இருக்கிறவன் அந்நியன், ஜாடையே இல்லாதவன் தம்பி.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 'மானோமீட்டர்' என்று ஒரு அழுத்தக் கருவி உண்டு. மானி + மீட்டர் என்று பிரித்துவிடாதீர்கள். அந்த 'மானோஸ்' கிரேக்கத்தில் 'அடர்த்தி குறைந்த, மெல்லிய' என்ற பொருள் தரும் வேறொரு சொல். இதில் நானே ஒரு தடவை விழுந்து எழுந்தவன்.

#16 கயல்

ஒரு டிராக்டரால் இவ்வளவு தூரம் வருவோம் என்று நினைக்கவில்லை. பாரோஸ் குடும்பத்தில் வேறு யாராவது தமிழில் நாம் தினமும் பயன்படுத்துகிறவர்கள் உண்டா?

#17 அகராதிப்பூச்சி

உண்டு. வானிலை வரைபடத்தில் வளைந்து வளைந்து போகும் 'ஐசோபார்', சம அழுத்தக் கோடு. அழுத்த அலகு 'பார்', அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபார். கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013.25 மில்லிபார். உடல் எடை குறைக்க வயிற்றில் செய்கிற 'பேரியாட்ரிக்' அறுவை சிகிச்சை. பாட்டில் கனத்த குரலுக்கு 'பாரிடோன்'. வயிற்று எக்ஸ்ரேக்கு முன் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கலவையில் இருக்கும் பேரியம். அதிலும் ஒரு கூத்து: பேரியம் உலோகம் அப்படி ஒன்றும் கனம் கிடையாது, இரும்பின் அடர்த்தியில் பாதிகூட இல்லை. அது கிடைக்கும் கல் கனமாக இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

#2-க்குப் பதில்: சரக்கு விற்கும் பார் இந்தக் குடும்பம் இல்லை. அது தடுப்புக் கட்டையிலிருந்து வந்தது.

#18 குன்னூர்க்காரி

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டு ஹாலில் ஒன்று தொங்குகிறது.

தாத்தா எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போனபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். தாத்தா எடுத்தது இந்தப் பித்தளை பாரோமீட்டர். சாப்பாட்டுத் தட்டு அளவு. வெள்ளைப் பீங்கான் முகப்பில் 28-லிருந்து 31 வரை எண்கள். சுற்றிலும் கறுப்பு எழுத்தில் ஸ்டார்மி, மச் ரெயின், ரெயின், சேஞ்ச், ஃபேர், செட் ஃபேர், வெரி டிரை. கண்ணாடியில் வலது பக்கம் ஒரு இடத்தில் மட்டும் மங்கல். தாத்தா தினமும் காலையில் காபிக்கு முன் ஆள்காட்டி விரலால் அங்கே இரண்டு தட்டுத் தட்டுவார். மேனேஜர் அப்படித்தான் தட்டுவாராம்.

முள் ஒரு நாளும் அசைந்து நான் பார்த்ததில்லை. 'ஸ்டார்மி'க்கும் கீழே, கோடியில் ஒட்டிக் கிடக்கும். எங்கள் வீட்டில் 40 வருடமாகப் புயல். கெட்டுப்போன கருவி என்றே நினைத்திருக்கிறோம். கெட்டதுதானா?

#19 சேது_வாத்தியார்

அம்மா, அது கெட்டிருக்காது. பாவம், அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த எண்கள் பாதரச உயரம், அங்குலத்தில். கடல் மட்டத்தில் 29.92. உங்கள் ஊர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். உங்கள் தலைக்கு மேல் காற்று குறைவு, அதனால் 24 அங்குலத்தை ஒட்டித்தான் நிற்கும். முகப்போ 28-ல் தொடங்குகிறது. முள் என்ன செய்யும்?

இதைத்தான் பாஸ்கல் 1648-ல் சோதித்தார். காற்றுக்குக் கனம் உண்டென்றால் மலை ஏறினால் பாதரசம் இறங்க வேண்டும். அவர் பாரிஸில், மலை பிரான்சின் நடுவே கிளேர்மோன் ஊரில். அங்கிருந்த அக்காவின் கணவர் பெரியேவுக்கு எழுதினார். செப்டம்பர் 19 காலையில் பெரியே இரண்டு குழாய்கள் தயார் செய்தார். ஒன்றை அடிவாரத்தில் ஒரு மடத்துத் தோட்டத்தில் வைத்து, நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஒரு துறவியை உட்காரவைத்தார். இன்னொன்றைப் புய் தெ டோம் உச்சிக்குத் தூக்கிப் போனார். ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. கீழே துறவியின் குழாய் நாள் முழுக்க அசையவே இல்லை. எனக்கு அந்தத் துறவியைத்தான் பிடிக்கும். மலை ஏறியவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் வரும். அசையாத பாதரசத்தைக் காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தவர் இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமே கிடையாது.

#20 துறைமுகத்தான்

அந்த 'ரெயின், ஃபேர்' எழுத்தை நம்ம பக்கம் கடற்கரையிலேயே வைத்தாலும் நம்ப முடியாது. அது இங்கிலாந்து வானத்துக்கு எழுதிய முகப்பு. அங்கே அழுத்தம் ஒரு வாரத்துக்குள் 30, 40 மில்லிபார் ஏறி இறங்கும். நம் கடலில் புயல் இல்லாத நாளில் தேமே என்று கிடக்கும். ஐப்பசியில் கொட்டித் தீர்க்கும்போதுகூட முள் பெரிதாக அசையாது.

ஆனால் தினமும் இரண்டு தடவை மூச்சு விடும். காலை 10 மணி வாக்கில் ஏற்றம், மாலை 4 மணிக்கு இறக்கம், இரவு 10-க்கு மறுபடி ஏற்றம், விடிகாலை 4-க்கு இறக்கம். வித்தியாசம் 3 மில்லிபார் இருந்தால் அதிகம். சூரியன் மேல்காற்றைச் சூடாக்குவதால் வரும் அலை. கடிகாரம் வைத்த மாதிரி நடக்கும். இதைக் கழித்துவிட்டு, அந்தப் பருவத்துச் சராசரிக்கு 3 மில்லிபார் கீழே போனால் எங்கோ புயல் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். 5 போனால் சந்தேகமே வேண்டாம். இது எங்களுக்குப் பாடம்.

ஒருமுறை வங்கக் கடலில் நடுச்சாம வாட்ச். வானம் தெளிவு, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. 10 மணிக்கு ஏற வேண்டிய கண்ணாடி ஏறவில்லை. அவ்வளவுதான் தப்பு: இறங்கவில்லை, ஏறவில்லை. கிரேக்கக் கேப்டனை எழுப்பினேன். லுங்கி மாதிரி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர், குறிப்பேட்டை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதையை மாற்றினார். அடுத்த நாள் சாயங்காலம்தான் வானிலைச் செய்தியில் தாழ்வு மண்டலம் வந்தது.

'சைக்ளோன்' என்ற சொல்லும் கிரேக்கத் தையல்தான், ஆனால் தைத்த இடம் கல்கத்தா. 1840-களில் பிடிங்டன் என்பவர், கப்பல் குறிப்பேடுகளில் இருந்த பாரோமீட்டர் எண்களையும் காற்றின் திசைகளையும் வைத்துப் புயல் சுழல்வதைப் படித்தவர், பாம்புச் சுருளை நினைத்து வைத்த பெயர்.

#21 கயல்

துறைமுகத்தார் அண்ணாச்சி, என் டிராக்டருக்கு விடை உங்கள் பதிவில்தான் கிடைத்தது. இவ்வளவு நாள் 'அளவுகோல்' போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அளவுகோல் எவ்வளவு என்று சொல்லும். உங்கள் கண்ணாடி, வானம் தெளிவாக இருக்கும்போதே நாளைக்கு வரப்போவதைச் சொல்கிறது. கட்டுரைக்காரர் சொல்ல வந்ததும் அதுதான். டிராக்டர் விற்பனை சரிந்தால் ஆறு மாதத்தில் மற்றதெல்லாம் சரியும் என்று அடுத்த பத்தியிலேயே எழுதியிருக்கிறார்.

#22 தனித்தமிழ்_வேல்

'உரைகல்' வேண்டாம், அது தரம் பார்க்க. 'நாடி' போடுங்கள். "டிராக்டர் விற்பனையைப் பார்த்தாலே கிராமத்தின் நாடி தெரிந்துவிடும்." நம் ஆட்கள் தேர்தல் நேரத்தில் மக்களின் நாடி பிடித்துப் பார்ப்பது என்றுதானே எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1974-லிருந்து நடத்தும் கருத்துக்கணிப்புக்கு 'யூரோபாரோமீட்டர்' என்று பெயர். தமிழில் வைத்திருந்தால் ஐரோப்பிய நாடி என்றுதான் வைத்திருப்போம்.

#23 வடமராட்சியான்

நாடி இப்போதைய நிலையைத்தானே சொல்லும்? வருவதைச் சொல்ல எங்கள் பக்கமும் உங்கள் பக்கமும் பழமொழியே இருக்கிறது. அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம். அந்த 'அச்சாரம்' எப்படி?

#24 சேது_வாத்தியார்

நல்ல நாடி வைத்தியர் வரப்போகும் காய்ச்சலையும் சொல்வார் என்பார்கள். நாடிக்கே என் ஓட்டு. கயல் அம்மா, வகுப்பறைக்குக் காற்றழுத்தமானி, கட்டுரைக்கு நாடி. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் என்று யார் சட்டம் போட்டது?

#25 கயல்

நாடியே போட்டு அனுப்பினேன். அச்சில் வந்தது: "டிராக்டர் விற்பனையே கிராமப் பொருளாதாரத்தின் அளவுகோல்." யார் மாற்றினார்கள் என்று கேட்கப் போவதில்லை. இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

#26 குன்னூர்க்காரி

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

சேது சார் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 71 வயது. ஒன்றும் சொல்லாமல் ஹாலுக்குப் போய்ச் சுவரிலிருந்து அதைக் கழற்றினார். பின்னால் சுவரில் ஒரு வட்டம் மட்டும் பழைய பச்சைச் சாயத்தில் இருந்தது. போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மேட்டுப்பாளையம் போகலாம்" என்றார்.

காட்டேரி தாண்டினோம், முள் அப்படியே. பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினோம், அப்படியே. அப்பா கண்ணாடியைத் தட்டினார், அதே மங்கலான இடத்தில். "பேசாமல் திரும்பிடலாமா" என்று தம்பி கேட்டான். கல்லாறு வரப்போகும் கடைசி வளைவுகளில் ஒன்றில் அப்பா "ஏய்" என்றார். முள் கோடியை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. அடுத்த வளைவில் 28-ஐத் தொட்டது. அதற்கப்புறம் யாரும் ரோட்டைப் பார்க்கவில்லை, நல்லவேளை வண்டி ஓட்டிய தம்பியைத் தவிர.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே நிறுத்தியபோது மணி 1. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு துளி மேகம் இல்லை. முள் 29-க்குச் சற்று முன்னால், 'ரெயின்' என்ற எழுத்தை ஒட்டி நின்றது. அப்பா வண்டியை விட்டு இறங்கி, வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதிர்க் கடையில் ஒரு குடை வாங்கினார்.